மாரத்தானில் இலக்கு நேரம்: கடலூர், சிதம்பரம் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

மாரத்தான் 42.195 கிலோமீட்டர் தூரச் சாலை ஓட்டம். ஒரு பெரிய மாரத்தானில் முதல் மூன்று இடங்களைக் குறிவைத்து ஓடுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். மற்ற ஆயிரக்கணக்கானோர் ஐந்து மணி நேரத்துக்குள், நாலரை மணி நேரத்துக்குள், நான்கு மணி நேரத்துக்குள் என்று தமக்குத் தாமே ஒரு வரம்பு வைத்துக்கொண்டு அதற்குள் எல்லைக்கோட்டைத் தொட்டுவிட ஓடுகிறார்கள். இந்தத் தனிப்பட்ட இலக்கு நேரத்தை எப்படி நிர்ணயிப்பது, எதனால் அது கைக்கு எட்டுகிறது, எதனால் தவறுகிறது என்று உலகெங்கும் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை பாஸ்டன், பெர்லின், லண்டன் போன்ற குளிர்ந்த நகரங்களின் ஓட்டங்களை வைத்து எழுந்தவை. கடற்காற்றும் புழுக்கமும் வடகிழக்குப் பருவமழையும் கொண்ட கடலூரிலும் சிதம்பரத்திலும் பயிற்சி எடுக்கும் ஒருவருக்கு அவற்றில் எது பொருந்தும், எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இந்தத் தூரம் ஒரே நாளில் முடிவானதன்று. 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் ஓட்டம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். கிரேக்கரான ஸ்பிரிடன் லூயி 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் வென்றார். இன்றைய 42.195 கிலோமீட்டர் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. 1921இல் சர்வதேச தடகளக் கூட்டமைப்பு அதையே நிலையான அளவாக ஏற்றது. தூரம் நிலைபெற்ற பிறகுதான் ஓர் ஊரில் ஓடிய நேரத்தை வேறோர் ஊரில் ஓடிய நேரத்தோடு ஒப்பிட முடிந்தது. 2019இல் வியன்னாவில் எலியட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தார். அவருக்கென்றே தனியாக ஏற்பாடு செய்த ஓட்டம் என்பதால் அது சாதனைப் பட்டியலில் சேரவில்லை. 2023இல் சிகாகோவில் கெல்வின் கிப்டும் 2 மணி 35 விநாடியில் முடித்தார். மனித உடலால் எவ்வளவு வேகமாக இந்தத் தூரத்தை ஓட முடியும் என்று 1991இலேயே கணக்கிட்ட அமெரிக்க மருத்துவர் மைக்கேல் ஜாய்னர், கருத்தளவில் 1 மணி 57 நிமிடம் 58 விநாடி வரை இயலும் என்று எழுதினார். அன்று பலர் நம்பாத கணக்கு அது.

இந்தியாவில் இந்தத் துறையின் பெரும்பெயர் சிவ்நாத் சிங். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராம் இடம் பெற்ற அவர், 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் அந்த நேரத்தை எந்த இந்தியரும் முறியடிக்கவில்லை. பெண்களில் ஓ.பி. ஜெய்ஷா 2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் ஓடியது தேசியச் சாதனை ஆனது. 2017 புவனேஸ்வர் ஆசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற கோ. லட்சுமணன் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். நெடுந்தூர ஓட்டத்துக்கு வேண்டிய உடல்வாகும் உழைப்பும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருக்கின்றன என்பதற்கு இந்த ஒரு சான்று போதும். வயது வந்தபின் ஓடத் தொடங்கியவர்களின் எண்ணிக்கை தமிழ்நாட்டில் பெருகியது அண்மைக் கதை. நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடிய அரசியல்வாதி மா. சுப்பிரமணியன் அந்த அலையில் எல்லோருக்கும் தெரிந்த முகம்.

கடலூர், சிதம்பரம் பகுதி ஓடுவதற்கு வசதியானது என்றே சொல்ல வேண்டும். கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் கிடக்கும் சமவெளி. கடலூரில் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கமும், தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குச் செல்லும் சாலையும் விடியற்காலையில் நடப்பவர்களாலும் ஓடுபவர்களாலும் நிறைந்திருக்கும். சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றிய நான்கு தேர் வீதிகளும், 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அகலமான வளாகச் சாலைகளும் உண்டு. நீண்ட தூரம் ஓட வேண்டியவர்களுக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் ஏரிக்கரை இருக்கிறது. இந்தச் சமவெளியில் கிடைக்காதது ஏற்றம். அதற்குக் கடலூர்க்காரர்கள் கேப்பர் மலைக்குத்தான் போக வேண்டும். மலை என்பது பெயருக்குத்தான், செம்மண் மேடு. ஆனால் வாரம் ஒருமுறை அந்தச் சரிவில் ஏறி இறங்கி ஓடினால் தொடையும் கெண்டைக்காலும் பெறும் வலு, தட்டைச் சாலையில் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் வராது. சிதம்பரத்துக்காரர்களுக்கு வாய்த்த ஏற்றம் ஆற்றுப் பாலங்கள் மட்டுமே.

போட்டிகளைப் பொறுத்தவரை மாவட்ட அளவில் நடப்பவை குறுகிய தூரத்தவை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் அறிஞர் அண்ணா நெடுந்தூர ஓட்டப் போட்டியில் தூரம் 5 முதல் 10 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இது நல்ல வாசல். முழு மாரத்தான் ஓட விரும்புபவர் ஊர் தாண்டியே ஆக வேண்டும். ஆண்டுதோறும் சனவரியில் சென்னை ரன்னர்ஸ் அமைப்பு நடத்தும் சென்னை மாரத்தான் இருக்கிறது. 2004 முதல் நடக்கும் மும்பை மாரத்தானும் சனவரியில்தான். இவற்றைவிடக் கடலூருக்கு மிக அருகில் இருப்பது ஆரோவில் மாரத்தான்.

2008 முதல் பிப்ரவரி மாதத்தில் நடக்கும் ஆரோவில் ஓட்டம் தனி வகையானது. காட்டுக்குள் செல்லும் செம்மண் பாதைகளில் ஓட வேண்டும். நேரம் பதியும் சில்லு கிடையாது, தரவரிசை கிடையாது, பரிசும் கிடையாது. ஓடும் மகிழ்ச்சிக்காக மட்டும் ஓடுங்கள் என்பதே அதன் கொள்கை. நேர இலக்கை ஆராயும் கட்டுரையில் நேரமே குறிக்காத ஓட்டத்துக்கு என்ன இடம் என்று கேட்கலாம். முதல் முழு மாரத்தான் ஓடுபவருக்கு இதைவிட நல்ல இடம் தென்னிந்தியாவில் அரிது. முதன்முறை ஓடும்போது உடல் கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் எப்படி நடந்துகொள்ளும் என்பது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் முன்பே நேரத்தை நிர்ணயித்து அதைத் துரத்துவது பலரை நொண்ட வைத்திருக்கிறது. நிழலான காட்டுப்பாதையில், கடிகாரத்தின் நெருக்கடி இல்லாமல் ஒருமுறை முழுத் தூரத்தையும் கடந்தவர் அடுத்த ஆண்டு சனவரியில் சென்னைச் சாலையில் ஒரு நேரத்தைக் குறிவைக்கத் தகுதி பெறுகிறார். ஆரோவில் பீடபூமியின் செம்மண்ணும் கேப்பர் மலையின் செம்மண்ணும் ஒரே படிவத்தைச் சேர்ந்தவை. நிலவியலாளர்கள் அதற்குக் கடலூர் மணற்கல் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். கேப்பர் மலையில் பழகியவரின் கால்களுக்கு ஆரோவில் பாதை புதிதாக இராது.

இலக்கு நேரங்கள் ஏன் எப்போதும் முழு எண்களாக இருக்கின்றன என்பது பொருளியல் அறிஞர்களின் கவனத்தையும் ஈர்த்தது. எரிக் ஆலன், பாட்ரிசியா டெச்சோ, டெவின் போப், ஜார்ஜ் வூ ஆகிய நால்வர் ஏறக்குறைய ஒரு கோடி மாரத்தான் முடிவு நேரங்களை அலசி 2017இல் கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று மணி, மூன்றரை மணி, நான்கு மணி என்ற கோடுகளுக்குச் சற்று முன்னே முடித்தவர்கள் குவிந்து கிடந்தார்கள். கோட்டைத் தாண்டியதும் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. களைத்துப்போன உடலிலிருந்தும் கடைசி இரண்டு கிலோமீட்டரில் ஓர் எண் வேகத்தைக் கறந்துவிடுகிறது என்பதே இதன் பொருள். இது இலக்கின் பலத்தைக் காட்டுகிறது, ஆபத்தையும் காட்டுகிறது. 3:59க்கும் 4:01க்கும் உடலளவில் எந்த வேறுபாடும் இல்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்காகத் தன் தகுதிக்கு மீறிய வேகத்தில் தொடங்குபவர் முப்பதாவது கிலோமீட்டரில் அதற்கு விலை கொடுக்கிறார்.

தகுதியான நேரம் எது என்று கணிக்கப் பயன்படும் சூத்திரங்களில் பழையது, அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977இல் வெளியிட்டது. தூரம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பைவிடச் சற்று அதிகமாகும், அதாவது ஏறக்குறைய 2.085 மடங்காகும் என்பது அதன் சாரம். அரை மாரத்தானை 1 மணி 55 நிமிடத்தில் ஓடியவருக்கு அந்தச் சூத்திரம் தரும் முழு மாரத்தான் நேரம் 3 மணி 59 நிமிடம் 46 விநாடி. நான்கு மணி என்ற கவர்ச்சியான எண்ணுக்கு மயிரிழை முன்னால் வந்து நிற்கும் இந்த விடை பலரை ஏமாற்றியிருக்கிறது. ஆண்ட்ரூ விக்கர்ஸும் எமிலி வெர்டோசிக்கும் 2016இல் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களின் நேரங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். அரை மாரத்தான் வரை சூத்திரம் சரியாகப் பொருந்தியது. முழு மாரத்தானில் பாதிப்பேருக்கு உண்மை நேரம் சூத்திரம் சொன்னதைவிடப் பத்து நிமிடமோ அதற்கும் மேலோ கூடுதலாக வந்தது. வாரத்துக்கு நூறு கிலோமீட்டர் ஓடும் வீரருக்குப் பொருந்தும் கணக்கு, அலுவலகம் போய்க்கொண்டே வாரத்துக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடுபவருக்குப் பொருந்தாததே காரணம்.

அந்தப் பத்து நிமிடத்தையும் குளிர்ந்த நாட்டுக் கணக்காகவே கொள்ள வேண்டும். தட்பவெப்பம் மாரத்தான் நேரத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பதில் இன்று ஐயமில்லை. பாரிஸ், லண்டன், பெர்லின், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் ஆகிய ஆறு மாரத்தான்களின் பத்தாண்டு முடிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று, ஓட்டக்காரரின் தரத்தைப் பொறுத்து 4 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்தான் மிகச் சிறந்த நேரங்களைத் தருகிறது என்று கண்டது. 2007இல் மேத்யூ ஈலியும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது: வெப்பம் கூடக்கூட எல்லோரும் தாமதமாகிறார்கள், அதிலும் மெதுவாக ஓடுபவர்களுக்குத்தான் இழப்பு அதிகம். அவர்கள் வெயிலில் நிற்கும் நேரமும் கூடுதல், ஒருவரையொருவர் உரசிக்கொண்டு கூட்டமாக ஓடுவதால் உடற்சூடு வெளியேறும் வழியும் குறைவு.

கடலூர்க் கடற்கரையில் சனவரி மாத விடியற்காலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். ஊர்க்காரர்கள் காதில் துண்டு கட்டிக்கொண்டு வரும் குளிர் அது. மாரத்தான் ஆய்வுகளின்படி அதுவே வெப்பமான நாள். அதோடு ஈரப்பதம் சேர்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகும். உடற்சூட்டைத் தணிக்க இதயம் தோலுக்கு ரத்தத்தை அனுப்பியாக வேண்டும். தசைக்குப் போகும் பங்கு குறையும். அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்குப் பத்துக்கும் மேல் கூடுவது இதனால்தான். ஆகவே அரை மாரத்தானை 1:55இல் ஓடும் கடலூர் ஓட்டக்காரர் சூத்திரம் தரும் விடையோடு 10 முதல் 15 நிமிடம் வரை கூட்டிக்கொள்வதே நேர்மையான கணக்கு. அவருடைய இலக்கு 4:10 முதல் 4:15 வரை. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 நிமிடம் 55 விநாடி முதல் 6 நிமிடம் 3 விநாடி. அரை மாரத்தானும் இதே புழுக்கத்தில் ஓடியதென்றால் வெயிலின் பங்கு ஓரளவு அதிலேயே அடங்கிவிடுகிறது, பத்து நிமிடம் போதும்.

புழுக்கம் தண்டனை மட்டுமல்ல. பத்துப் பதினான்கு நாட்கள் வெப்பத்தில் பயிற்சி எடுத்தாலே ரத்தத்தின் திரவ அளவு கூடுகிறது, வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்குகிறது, வியர்வையில் உப்பு குறைகிறது. ஆண்டு முழுவதும் இந்தக் கடற்கரையில் ஓடுபவருக்கு இந்தப் பழக்கம் உடலில் ஊறியிருக்கும். டெல்லியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சென்னைக்கு வந்து ஓடுபவருக்கு இல்லாத மூலதனம் அது.

உண்மையான சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. மாரத்தான் பயிற்சிக்குப் பொதுவாக 16 முதல் 18 வாரம் தேவை. சனவரி ஓட்டத்துக்குப் பயிற்சி செப்டம்பரில் தொடங்கும். மிக நீண்ட ஓட்டங்கள் நவம்பரிலும் டிசம்பரிலும் விழும். வடகிழக்குப் பருவமழை கடலூரைப் புரட்டிப்போடும் மாதங்களும் அவையே. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இந்தக் கரையைத் தாக்கியது. 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் பெருவெள்ளம். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபின் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரின் பகுதிகளில் புகுந்தது. அப்படிப்பட்ட வாரங்களில் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதே பொருத்தமில்லாதது. சாதாரண மழை ஆண்டிலும் இரண்டு மூன்று வாரங்கள் பயிற்சி குலையும். அட்டவணையை அச்சடித்த நாள் கணக்கோடு பின்பற்றுபவர் இங்கே தோற்றுப்போவார். செப்டம்பருக்குப் பதில் ஆகஸ்டிலேயே தொடங்கி, மூன்று வாரத்தை மழைக்கென்று ஒதுக்கிவைப்பதே இந்த மாவட்டத்துக்குப் பொருந்தும் திட்டம். தை பிறந்தால் வேறொரு இடையூறு: கிராமச் சாலைகளில் நெல் காயும். அது உழவர்களின் களம், ஓடுபவர்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.

பயிற்சியின் உள்ளடக்கம் பற்றி ஆய்வாளர்களிடையே பெருமளவு உடன்பாடு இருக்கிறது. மாரத்தான் நேரத்தை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன. முதலாவது உடல் உள்வாங்கிப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு. இரண்டாவது அந்த உச்சத்தில் எத்தனை விழுக்காட்டை நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்பது. மூன்றாவது ஒரு கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்ற சிக்கனம். முதலாவது ஓரளவு பிறவியிலேயே அமைகிறது; மற்ற இரண்டும் உழைப்பில் வளர்பவை. நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் சிறந்த நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை அலசி, அதில் ஏறக்குறைய எண்பது விழுக்காடு மிக எளிதான வேகத்தில் நடக்கிறது என்று காட்டினார். பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம் அது. புதியவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். எல்லா நாளும் நடுத்தர வேகத்தில் ஓடி, எளிதான நாளில் ஓய்வும் கிடைக்காமல், கடினமான நாளில் வேகமும் வராமல் தேங்கிவிடுகிறார்கள்.

ஒரு வாரத்தைக் கடலூரில் இப்படி அமைக்கலாம். செவ்வாய் அண்ணா விளையாட்டரங்கின் தடத்தில் 800 மீட்டர் அல்லது 1,000 மீட்டர் வேக ஓட்டங்கள். வியாழன் கடற்கரைச் சாலையில் நாற்பது நிமிடம் சற்றுக் கடினமான தொடர் ஓட்டம், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அதற்குப் பதில் கேப்பர் மலை ஏற்றம். ஞாயிறு நீண்ட ஓட்டம். மற்ற நாட்களில் எளிய ஓட்டம் அல்லது ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் 16 கிலோமீட்டரில் தொடங்கி மெல்ல ஏறி, 28 முதல் 32 கிலோமீட்டர் வரை மூன்று நான்கு முறையாவது போக வேண்டும். இதுதான் இலக்கு நேரத்தின் அடித்தளம். மற்றதில் எதை விட்டாலும் இதை விடக்கூடாது. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் இதை ஓட நினைப்பவர்கள் உண்டு. சிப்காட் ஆலைகளுக்கு வந்துபோகும் லாரிகள் விடியலுக்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும் சாலை அது. ஒளி திருப்பும் மேலாடையும் தலைவிளக்கும் இல்லாமல் அங்கே இருட்டில் ஓடுவது உயிரோடு விளையாடுவது. பல்கலைக்கழக வளாகத்திலோ கடற்கரைச் சாலையிலோ சுற்றிச் சுற்றி வருவது சலிப்பாக இருந்தாலும் அதுவே பாதுகாப்பு. பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து ஓடினால் தெருநாய்த் தொல்லையும் மற்றத் தொல்லைகளும் குறைகின்றன. பெண்களுக்கு வெளிச்சமான, நாய்கள் துரத்தாத ஐந்து கிலோமீட்டர் பாதையை உறுதிசெய்வது உள்ளாட்சி அமைப்புகளின் கடமை.

ஓட்டத்துக்கு முந்தைய மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பலருக்கு இது மனத்துக்கு ஒப்பாது. உழைத்து வளர்த்த உடல் தளர்ந்துவிடுமோ என்ற அச்சம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களின் பயிற்சிப் பதிவுகளை 2021இல் ஆராய்ந்த பேரி ஸ்மித், ஏங்கஸ் லாலர் இருவரும், மூன்று வாரம் ஒழுங்காகக் குறைத்தவர்கள் குறைக்காதவர்களைவிட ஐந்தரை நிமிடம் முன்னதாக முடித்ததைக் கண்டார்கள். கூடுதலாக ஓடாமலேயே கிடைக்கும் நேரம் இது.

ஓட்டம் நடக்கும் நாளில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது முதல் பத்துக் கிலோமீட்டர். அறுபது கிலோ எடையுள்ளவர் 42 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 2,500 கிலோ கலோரி எரிக்கிறார். தசையிலும் கல்லீரலிலும் சேமித்துவைக்கக்கூடிய கிளைக்கோஜன் சுமார் 2,000 கிலோ கலோரி அளவே. மீதியைக் கொழுப்பு தருகிறது, ஆனால் கொழுப்பு மெதுவாக எரியும். வேகம் கூடும்போது உடல் கொழுப்பை விட்டுவிட்டுக் கிளைக்கோஜனைத் தின்னத் தொடங்குகிறது. முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டி அது தீர்ந்துபோனால் கால் கல்லாகிவிடும், எண்ணமும் மங்கும். கிலோமீட்டருக்குப் பதினைந்து விநாடி வேகமாக முதல் முப்பது கிலோமீட்டரை ஓடியவர் சேமிப்பது ஏழரை நிமிடம். பிறகு சோர்ந்து, மீதிப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம் இழந்தால் போவது பதினெட்டு நிமிடம். இந்த எளிய கழித்தல் கணக்குத் தெரிந்தவர்கள்கூட ஓட்டத்தின் உற்சாகத்தில் அதை மறந்துவிடுகிறார்கள். ஆண்கள் அதிகம் மறக்கிறார்கள்: ராபர்ட் டீனரும் குழுவினரும் 2015இல் பதினான்கு அமெரிக்க மாரத்தான்களை ஆராய்ந்தபோது, இரண்டாம் பாதியில் ஆண்களின் வேகம் சராசரியாக 15.6 விழுக்காடும் பெண்களின் வேகம் 11.7 விழுக்காடும் குறைந்திருந்தது. முதல் பாதியை இலக்கைவிட ஒன்றிரண்டு நிமிடம் தாமதமாக முடித்து, இரண்டாம் பாதியில் அதை மீட்பது வெப்பமான ஊர்களில் இன்னும் பொருத்தமானது என்று தோன்றலாம். ஆனால் இங்கே ஏழு மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். பின்பாதியில் வேகம் கூட்டுவது அரிது. சீரான வேகத்தில் ஓடி, கடைசியில் இழப்பைச் சில நிமிடத்துக்குள் நிறுத்துவதே எட்டக்கூடிய திட்டம்.

கைக்கடிகாரமும் ஏமாற்றும். முறையாக அளந்த மாரத்தான் பாதை, வளைவுகளின் உட்புறத்தை ஒட்டிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கப்படுகிறது. கூட்டத்தில் அந்தக் கோட்டிலேயே யாரும் ஓட முடியாது, கடிகாரம் 42.5 கிலோமீட்டருக்கு மேல் காட்டும். நான்கு மணி நேரத்துக்குக் கிலோமீட்டருக்கு 5:41 என்று கணக்கிட்டு, கடிகாரத்தில் அதே எண்ணைப் பார்த்துக்கொண்டே ஓடியவர் எல்லைக்கோட்டுக்கு வரும்போது நான்கு மணி தாண்டியிருக்கும். மூன்று விநாடி வேகமாக, 5:38 என்று வைத்துக்கொள்வது நல்லது.

உணவைப் பொறுத்தவரை மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். கடைகளில் விற்கும் ஜெல் ஒன்றில் இருபது முப்பது கிராம் இருக்கும். பேரீச்சை, வாழைப்பழம், பனைவெல்லக் கரைசல் எல்லாம் அதே வேலையைச் செய்யும், பயிற்சி ஓட்டங்களில் சோதித்துப் பார்த்திருந்தால். கடலை மிட்டாயில் கொழுப்பு அதிகம். ஓட்டத்தின் நடுவே வயிற்றைக் கனக்க வைக்கும். முந்தைய இரவு சோறும் காலையில் இரண்டு மூன்று இட்லியும் எந்த வெளிநாட்டு அட்டவணைக்கும் குறைந்தவையல்ல.

தண்ணீரில்தான் கவனம் மிக வேண்டும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதித்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சோடியம் இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. அதற்கு முக்கியக் காரணம் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தது. நான்கு ஐந்து மணி நேரம் ஓடும், ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நிற்கும் மெதுவான ஓட்டக்காரர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள். ஒரு மணி நேரம் ஓடும் முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று தெரியும். அதைவிடக் கூடுதலாகக் குடிக்கத் தேவையில்லை. உப்பிட்ட நீர்மோர், நீராகாரம், உப்பு எலுமிச்சைச் சாறு என இழந்த உப்பை மீட்கும் பானங்கள் ஊரிலேயே இருக்கின்றன. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு; அதில் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால்தான் ஓட்டக்காரருக்குப் பயன்படும்.

இதயம் பற்றிய அச்சத்துக்கும் கணக்கு இருக்கிறது. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் நெடுந்தூர ஓட்டங்களில் கலந்துகொண்ட ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களில் 59 பேருக்குத் திடீர் இதயத்துடிப்பு நிறுத்தம் நேர்ந்தது. மாரத்தானில் அது லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவு. ஆபத்து சிறியது, இல்லாமலில்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், நீரிழிவோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்கள் பயிற்சி தொடங்கும் முன் இதயப் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம். காய்ச்சல் விட்ட வாரத்தில் நீண்ட ஓட்டம் கூடவே கூடாது. மழைக்காலத்தில் டெங்கு பரவும் ஊரில் இது வெறும் எச்சரிக்கையாக நிற்பதில்லை. காலணி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கார்பன் தகடு பதித்த விலையுயர்ந்த காலணி வேகமான ஓட்டக்காரருக்குச் சில நிமிடம் தருகிறது. நாலரை மணி நேர ஓட்டக்காரர் அந்தப் பணத்தை இரண்டு இணை நல்ல பயிற்சிக் காலணிகளில் போடலாம்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சாலைத் தூரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடலூர் முதுநகர்ப் பக்கம் தொடங்கினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாக வெள்ளாற்றைத் தாண்டி அண்ணாமலை நகருக்குள் ஒரு முழு மாரத்தானை முடிக்கலாம். பாதை தட்டையானது. சனவரியில் வடகிழக்குக் காற்று பெருமளவு முதுகுப் பக்கமிருந்து வீசும். தொடக்கமும் முடிவும் இவ்வளவு விலகியிருப்பதால் உலகத் தடகள விதிப்படி அங்கே ஓடும் நேரம் உலகச் சாதனையாக ஏற்கப்படாது. அதே காரணத்தால் பாஸ்டன் மாரத்தானில் ஓடும் நேரமும் சாதனைப் பட்டியலில் சேர்வதில்லை. தன் நேரத்தைத் தானே முறியடிக்க விரும்பும் ஆசிரியருக்கும் மீனவ இளைஞருக்கும் கல்லூரி மாணவிக்கும் அது ஒரு குறையே அல்ல. வேண்டியது சரியாக அளந்த பாதை. தூரம் அளக்கும் ஜோன்ஸ் கருவி பொருத்திய மிதிவண்டியில் பயிற்சி பெற்ற அளவையாளர் ஒருவர் ஒரு விடியற்காலையில் அதை அளந்துவிடலாம். பாதை குறைந்துவிடாதிருக்க, விதிப்படி ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 42 மீட்டர், கூட்டி அளப்பார்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகமும் அண்ணாமலைப் பல்கலைக்கழக உடற்கல்வித் துறையும் சேர்ந்து இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும்.